அருளரின் மகளா, கலாவின் மகளா: மாயாவின் சிறுபராயத்தை எங்கிருந்து தொடங்குவது?

கடலோர வீதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் எங்கள் வாசகர் வட்டம் மாதந்தோறும் கூடி வருவதை இங்குள்ள சிலர் அறிவீர்கள். அடுத்த கூட்டத்தில், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகம் அறிந்த ராப் பாடகி மாதங்கி மாயா அருள்பிரகாசத்தின் சிறுபராயத்தையும் குடும்பப் பின்னணியையும் பற்றி அரைமணி நேரம் பேசும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. வருபவர்களில் பாதிப்பேர் உயர்தர வகுப்பு மாணவர்கள். ராப் கேட்டே வளர்ந்தவர்கள் அவர்கள். ஆனாலும், யாழ்ப்பாணத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்த ஒரு பெண்பிள்ளை அந்த இசைக்குள் எப்படி வந்து சேர்ந்தார் என்பதை அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

உரையை எழுத அமர்ந்தபோதுதான் ஒரு சிக்கல் எழுந்தது. தமிழில் நான் வாசித்த கட்டுரைகள் பெரும்பாலும் தந்தையைக் கொண்டே தொடங்கி, தந்தையைக் கொண்டே முடிகின்றன. அருளர் இன்ன இயக்கத்தைச் சேர்ந்தவர், ஆகவே மகளின் பாடல்கள் இப்படி அமைந்தன என்று ஒரே கோட்டில் சொல்லி விடுகிறார்கள். ஆனால் மாயா 1975 ஜூலை 18ஆம் திகதி மேற்கு லண்டனின் ஹவுன்ஸ்லோவில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, இடையில் சென்னையிலும் வாழ்ந்து, பதினோராவது பிறந்தநாளுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் இருக்கையில் 1986இல் தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் அகதியாக லண்டன் திரும்பியவர். இந்த ஆண்டுகளில் மிகப் பெரும்பகுதியில் தந்தை அந்த வீட்டில் இருக்கவில்லை. இல்லாத ஒருவரை வைத்து ஒரு குழந்தையின் வளர்ப்பை முழுதாக விளக்கிவிட முடியுமா என்பதே எனது ஐயம். உரையை எங்கிருந்து தொடங்கலாம் என்று உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.


பழைய புத்தகம் எழுதியது:

தங்கச்சி, நல்ல பொருளை எடுத்திருக்கிறீர்கள். ஆயினும் தந்தையை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல இயலாது என்பதே எனது உறுதியான கருத்து.

முதலில் ஒரு திருத்தம். அருளர் விடுதலைப் புலிகள் இயக்கத்தைச் சேர்ந்தவர் என்று பலர், ஆங்கில ஊடகங்கள் உட்பட, எழுதியிருக்கிறார்கள். அது பிழை. அவர் ஈரோஸ் என்ற ஈழப் புரட்சிகர அமைப்பை நிறுவியவர்களுள் ஒருவர். அந்த அமைப்பு 1975ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டனில், இளையதம்பி இரத்தினசபாபதி, சங்கர் ராஜி முதலானோரின் முயற்சியில் உருவானது. மலையகத் தமிழரையும் சேர்த்தே ஈழத்தவர் என்று சிந்தித்த அமைப்பு அது. அந்த வேறுபாடு தெரியாமல் பேசினால், மாணவர்களுக்கு வரலாற்றையே பிழையாகக் கற்பித்ததாகிவிடும். அமைப்பு பிறந்ததும் மகள் பிறந்ததும் ஒரே நகரத்தில், ஒரே ஆண்டில் என்பதையும் கவனியுங்கள். ஆறு மாதக் குழந்தையோடு குடும்பம் யாழ்ப்பாணம் வந்ததற்குக் காரணம் அந்த அரசியலேயன்றி வேறொன்றும் இல்லை.

இரண்டாவது, நமது கொழும்பைச் சார்ந்தது. 1977 ஓகஸ்ட் வன்செயலின்போது கொழும்பில் அகதிகளானவர்களை ஏற்றிக்கொண்டு, லங்கா ராணி என்ற சரக்குக் கப்பல் இங்குள்ள துறைமுகத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் சென்றது. அந்தப் பயணத்தை வைத்து, அதே பெயரில், 1978இல் ஒரு நாவல் வெளிவந்தது. எழுதியவர் அருளர். எனது தாயாரும் அவருடைய தங்கையும் அந்தக் கப்பலில் சென்றவர்கள். மேல்தளத்தில் வெயில் தாங்காமல், பெண்கள் தமது சேலைகளைக் கம்பிகளில் பந்தல்போலக் கட்டி, அதன் நிழலில் குழந்தைகளைக் கிடத்தியிருந்தார்கள் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். அந்த நாவலின் பழைய பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. அட்டை கழன்று, எனது மாமனார் பசையால் ஒட்டிய தாள்கள் மஞ்சளித்துப் போய்விட்டன. மகள் பாடகி என்பதற்கு வெகுகாலம் முன்பே தந்தை எழுத்தாளர் என்ற செய்தி அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும் அல்லவா?


கொட்டாஞ்சேனை 75 எழுதியது:

நானும் 1975இல் பிறந்தவன் என்பதால் இந்த இழையைக் கடந்துபோக முடியவில்லை. 1983 ஜூலைக் கலவரத்தின்போது எனக்கு எட்டு வயது. மாயாவுக்கும் அதே வயதுதான். எங்கள் வீட்டார் அயலவர் ஒருவரின் பின்னறையில் இரண்டு இரவுகள் இருந்தோம். இருமல் வந்தால் தலையணைக்குள் முகத்தைப் புதைத்து இருமும்படி அம்மா சொல்லித்தந்ததுதான் அந்த நாட்களில் நான் கற்ற பாடம். மாயா அப்போது கொழும்பில் இருக்கவில்லை. ஆனால் தனது பள்ளிக்காலத்தைப் பற்றி அவர் சொல்லியிருப்பதை வாசித்தபோது, எனது உடம்பு அந்தப் பின்னறைக்கே திரும்பிப் போனது. யாழ்ப்பாணத்தில் திருக்குடும்பக் கன்னியர் மடம் போன்ற பாடசாலைகளில் அவர் படித்தார். சூட்டுச் சத்தம் கேட்டால் மேசைகளுக்குக் கீழே பாய்ந்து படுத்துக்கொள்ள அங்கே பிள்ளைகள் பழக்கப்பட்டிருந்தார்கள். படிப்பில் முன்வரிசைக்குச் செல்ல அவருக்குக் கைகொடுத்தது ஓவியம்.

ஆகவே எனது கருத்து, தந்தையும் வேண்டாம், தாயும் வேண்டாம், அந்த மேசையிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஈரோஸ் என்றாலும் வேறெந்த இயக்கம் என்றாலும் ஒன்றுமே விளங்காது. சத்தம் மட்டும் விளங்கும்.


தெகிவளைத் தம்பி எழுதியது:

பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கு இரண்டு கேள்விகள் உண்டு. லண்டனில் பிறந்து லண்டனுக்கே திரும்பிய ஒருவரை அகதிப்பிள்ளை என்று சொல்வது பொருந்துமா? அடுத்தது, ஹிப் ஹொப் நியூயோர்க்கில் கறுப்பின இளைஞர்களின் தெருக்களில் பிறந்த இசை. யாழ்ப்பாணத்துக் குடும்பப் பின்னணியை எவ்வளவுதான் விரித்துச் சொன்னாலும், அந்த இசை அவருக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அதில் விடை இருக்குமா? நான் இதைக் குறை கூறுவதற்காகக் கேட்கவில்லை. எனது நண்பர்கள் சிலர் தமிழில் சொல்லிசை எழுதுகிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வியும் இதுவே.


தையல்காரி மகள் எழுதியது:

மூன்று நாட்களாக இதை வாசித்துவிட்டு எழுதாமல் இருந்தேன். இவ்வளவு பேசியும், தலைப்பைத் தவிர வேறெங்கும் மாயாவின் தாய் கலாவின் பெயரை ஒருவரும் எழுதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனது தந்தை கடலோடி. வருடத்தில் பத்து மாதங்கள் வீட்டில் இருக்கமாட்டார். காலி வீதிக்குப் பின்னால் ஒரு குறுக்குத்தெருவில் இரண்டு அறைகள் கொண்ட வீட்டில், அம்மா தையல் இயந்திரத்தை வைத்து எங்கள் மூவரையும் வளர்த்தார். இயந்திரத்தில் அடிப்பது வேகமாக முடிந்துவிடும். கைத்தையல்தான் இரவை விழுங்கும். மணப்பெண்ணின் சட்டைக்குச் சாட்டின் நாடா வைப்பதென்றால், நாடா வழுக்கும், ஊசித்துளை வெளியே தெரியும், ஒருமுறை பிழையாகக் குத்தினால் அந்தத் துண்டையே வெட்டி எறியவேண்டும். அம்மாவின் இடதுகைச் சுட்டுவிரல் நுனி காய்த்துப்போய், சுடுகோப்பையைத் தொட்டாலும் சூடு தெரியாத நிலைக்கு வந்திருந்தது. தெறி தைப்பது மட்டும் எங்களுடைய வேலை. நான் வகுப்புப் பாடங்களை மனனம் செய்தது தெறி தைத்துக்கொண்டுதான்.

இப்போது கலாவிடம் வருகிறேன். 1986இல் மூன்று பிள்ளைகளோடு லண்டன் சென்ற அந்தத் தாய், அங்கே மிச்சம் என்ற பகுதியில் உள்ள ஃபிப்ஸ் பிரிட்ஜ் என்ற அரச குடியிருப்புத் தொகுதியில் பிள்ளைகளை வளர்த்தார். மூத்தவர் காளி, நடுவில் மாயா, இளையவர் சுகு. அந்தத் தொகுதியில் ஆசியக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருந்தன. இனவெறிக்கு அங்கே பஞ்சமில்லை. தாய் தையல் வேலைக்குப் போனார். 2019இல் மாயாவுக்குப் பிரித்தானிய அரசின் எம்.பி.ஈ. (பிரித்தானியப் பேரரசின் பெயரிலான கௌரவம்) விருது அறிவிக்கப்பட்டபோது, அதை ஏன் ஏற்கிறேன் என்று அவர் ஒரு விளக்கம் எழுதினார். அப்போது அரசியாரின் பெயரால் வழங்கப்பட்டுவந்த அந்தப் பதக்கங்களைத் தனது தாய் 33 ஆண்டுகளாகக் கையால் தைத்து வந்தவர் என்றும், இங்கிலாந்தில் அந்தக் கைவேலையைச் செய்யும் இரண்டு பெண்களில் ஒருவர் என்றும், புகலிடம் கிடைத்த 1986இலேயே அந்த வேலையில் சேர்ந்தார் என்றும் அதில் சொல்லியிருந்தார்.

அந்தப் பதக்கத்தின் படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். ரோஜா நிற நாடா, இரு ஓரங்களிலும் முத்துச் சாம்பல் நிறக் கரை. பெண்களுக்கு வழங்கப்படுவதில் அந்த நாடா வில்போன்ற முடிச்சாக மடித்துத் தைக்கப்பட்டிருக்கும். மடிப்பின் இரு பக்கமும் ஒரே அளவாக இருக்கவேண்டும், கரைக்கோடு கரைக்கோட்டின்மேல் சரியாக அமரவேண்டும், நூல் வெளியே தெரியக்கூடாது. தையல்காரியின் மகளுக்கு அதன் பின்னால் எத்தனை இரவுகள் இருக்கின்றன என்பது படத்தைப் பார்த்தவுடன் தெரியும். பேரரசு ஒன்றின் பெயரைச் சுமந்த பதக்கத்தை, அந்தப் பேரரசு விட்டுச்சென்ற தீவிலிருந்து துரத்தப்பட்டு வந்த ஒரு தாய் குறைந்தபட்சக் கூலிக்குத் தைத்துப் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார். கடைசியில் அதில் ஒன்று அவருடைய மகளின் மார்புக்கே வந்தது.

தம்பியின் முதல் கேள்விக்கு எனது பதில் இதுதான். பிறந்த இடம் ஹவுன்ஸ்லோவாக இருக்கலாம். ஆனால் பேசத் தொடங்கிய மொழி, முதலில் பயந்த சத்தம், முதலில் வரைந்த படம் எல்லாம் இங்கே. பதினோரு வயதில் லண்டன் வகுப்பறையில் அமர்ந்தபோது அந்தப் பிள்ளை ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்கவேண்டி இருந்தது. அகதி என்று சொல்ல இதற்குமேல் என்ன வேண்டும்?


பழைய புத்தகம் எழுதியது:

தையல்காரி மகள் தங்கச்சியின் பதிவை இரண்டுமுறை வாசித்தேன். கலாவின் பெயரை எழுதாமல் விட்டது எனது தவறு. எனது தாயார் சேலையால் பந்தல் கட்டிய கதையைச் சொன்ன நானே, அந்தத் தாயை மறந்துவிட்டேன்.

ஆனாலும் தந்தை இல்லாமையும் ஒரு பாதிப்புத்தான் என்று சொல்ல விரும்புகிறேன். தேடப்பட்டவராக இருந்த அருளர் எப்போதாவது வீட்டுக்கு வரும்போது, பாதுகாப்புக்காகப் பிள்ளைகளிடம் அவரை அப்பா என்று அறிமுகப்படுத்துவதில்லை. ஆங்கிலக் கட்டுரைகளில் ‘அங்கிள்’ என்று சொல்லி அறிமுகப்படுத்தியதாக வருகிறது. அந்தச் சொல்லை நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம். தமிழில் அப்படிப் பொதுவான சொல் கிடையாது. மாமா என்றால் தாயின் உறவு, சித்தப்பா, பெரியப்பா என்றால் தந்தையின் உறவு. வாசலில் வந்து நிற்கும் மனிதரை எந்த முறை சொல்லி அழைப்பது என்பதில்தான் நமது பிள்ளைகள் குடும்பத்தையே கற்றுக்கொள்கிறார்கள். பெற்ற தகப்பனை வேறு முறை சொல்லி அழைத்த பிள்ளைக்கு அந்தப் பெயர் உள்ளே எவ்வளவு கனத்திருக்கும்? 2005இல் வெளிவந்த முதல் இசைத்தொகுப்புக்கு அவர் ‘அருளர்’ என்று பெயரிட்டதை நான் அரசியல் அறிவிப்பாகப் பார்க்கவில்லை. ஒரு மகள் தந்தையைச் சத்தமாகப் பெயர்சொல்லிக் கூப்பிட்டதாகவே பார்க்கிறேன். 2007இல் வந்த இரண்டாவது தொகுப்புக்கு ‘கலா’ என்று பெயர். தனது மூன்றாவது தொகுப்புக்கு மாயா என்றும், நான்காவதற்கு, 2013இல், மாதங்கி என்றும் பெயரிட்டார். தந்தை, தாய், வீட்டில் அழைத்த பெயர், பிறப்பில் இட்ட பெயர் என்று நான்கு தொகுப்புகளிலும் ஒரு குடும்பப் பதிவேட்டையே எழுதியிருக்கிறார்.

அருளர் 2019இல் காலமானார். அதே ஆண்டில்தான் பதக்க அறிவிப்பும் வந்தது என்பது, தங்கச்சி எழுதியதை வாசித்த பிறகே எனக்கு உறைத்தது.


கொட்டாஞ்சேனை 75 எழுதியது:

தெகிவளைத் தம்பியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதற்கான விடை, எனது எண்ணத்தில், ஒரு சுவரில் இருக்கிறது.

ஃபிப்ஸ் பிரிட்ஜில் அவர்களுடைய வீட்டு வானொலி திருடுபோய்விட்டது. அதன்பிறகு பக்கத்து வீட்டு இளைஞன் ஒலிக்கவிட்ட ஹிப் ஹொப்பைச் சுவர்வழியாகக் கேட்கத் தொடங்கினேன் என்று மாயா சொல்லியிருக்கிறார். பப்ளிக் எனிமி போன்ற குழுக்களின் பாடல்கள் அவரை ஈர்த்தது இப்படித்தான். ஆங்கிலம் முழுதாகப் பிடிபடாத பிள்ளைக்குச் சுவர் வடிகட்டித் தருவது சொற்களை அல்ல. அடியையும், அழுத்தத்தையும், மூச்சையும்தான். பொருள் பின்னால் வரும். மேசைக்குக் கீழே படுத்திருந்து வெளியே நடப்பதைச் சத்தத்தால் மட்டும் அறியப் பழகிய ஒரு செவிக்கு, சுவருக்கு அப்பாலிருந்து கோபத்தோடு பேசும் ஒரு குரல் அந்நியமாக இருந்திருக்க முடியாது. எமது வீட்டிலும் அப்படியே. தொண்ணூறுகளில் ஆமர் வீதிப் பக்கம் ஒரு றெக்கோடிங் பாரில், அறுபது நிமிட ஒலிநாடாவில் பதிவுசெய்து வாங்கிய பாடல்களில் பாதி எனக்கு விளங்கவில்லை. ஆனால் அந்தக் குரல்கள் அதிகாரத்துக்கு முன்னால் இருமலைத் தலையணைக்குள் புதைக்கவில்லை என்பது மட்டும் நன்றாக விளங்கியது.

ஆகவே தம்பி, ஹிப் ஹொப் நியூயோர்க்குக்கு உரியது என்பதில் மாற்றுக்கருத்து இல்லை. அதை உருவாக்கியவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். மாயா அதை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொள்ளும் செவியை அவருக்குத் தந்தது அவர் வளர்ந்த விதம். உங்கள் நண்பர்களுக்கும் இதையே சொல்லுங்கள்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. போர்க்களத்தில் காணாமற்போனவர் என்பதைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே எம்.ஐ.ஏ. லண்டனின் அக்டனில் வாழ்ந்த காலத்தில், இலங்கையில் காணாமற்போன உறவினர் ஒருவரை நினைத்து, அந்த ஊர்ப்பெயரையும் சேர்த்துச் சிலேடையாக வைத்துக்கொண்ட பெயர் அது. காணாமற்போனவர்களின் படங்களைக் கையில் ஏந்தித் தாய்மார் வீதியில் அமர்ந்திருக்கும் நாட்டில், அந்த மூன்று எழுத்துகளைப் புனைபெயர் என்று மட்டும் மாணவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.


தெகிவளைத் தம்பி எழுதியது:

நன்றி, அண்ணா. எனது கேள்விக்கு இப்படி ஒரு விடை வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ‘கலா’ தொகுப்பில் ஓர் இந்திப் பாடல் இருப்பதாக நண்பன் சொன்னான். அதற்கும் சிறுபராயத்துக்கும் தொடர்பு உண்டா?


தையல்காரி மகள் எழுதியது:

உண்டு, தம்பி. 1982இல் வந்த டிஸ்கோ டான்சர் என்ற இந்திப் படத்தின் ஜிம்மி பாடல் அது. சிறுமியாக இருந்தபோது குடும்பக் கொண்டாட்டங்களில் மாயா அந்தப் பாட்டுக்கு ஆடுவார். தாயின் பெயர் தாங்கிய தொகுப்பில் அதை அவர் மீண்டும் பாடியிருப்பதைக் கேட்டால், விருந்து முடிந்த வீட்டில் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கும் பெரியவர்களுக்கு நடுவே ஆடிக்கொண்டிருக்கும் ஒரு சிறுமி எனது கண்முன் வருகிறாள். அதே தொகுப்பின் ‘பேர்ட் ஃப்ளூ’ பாடலில் நமது உறுமியின் ஒலி கேட்கும். காதில் மாட்டும் ஒலிப்பானில் கேட்டுப்பாருங்கள். கோயில் திருவிழாவில் நெஞ்சுக்குள் அதிர்வதுபோலவே அதிரும்.


கடலோர வீதி எழுதியது:

நேற்றிரவு உரையை முற்றாக மாற்றி எழுதினேன். 1986இல் தொடங்குகிறேன். ரோஜா நிற நாடாவின் படத்தை முதலில் திரையில் காட்டி, இதைத் தைத்தவர் யார் என்று மாணவர்களிடம் கேட்கப்போகிறேன். அங்கிருந்து பின்னோக்கி யாழ்ப்பாணத்து மேசைக்கும், சென்னையில் அவர்கள் சிறிதுகாலம் தங்கியிருந்த பாழடைந்த வீட்டுக்கும், அப்பா என்று அழைக்கப்படாத அந்த மனிதருக்கும் செல்கிறேன். ஈரோஸ் பற்றிய திருத்தத்தைத் தெளிவாகச் சொல்வேன். சுவரைப் பற்றிய பகுதிக்கே அதிக நேரம் ஒதுக்கியிருக்கிறேன். ஏனெனில் வருபவர்களில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் அவர் திரைப்படம் படித்ததையும், அங்கு உடன்படித்த ஸ்டீவ் லவரிஜ் அவருடைய பழைய ஒளிநாடாக்களைக் கொண்டு 2018இல் வெளியிட்ட ஆவணப்படத்தையும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுவேன், நேரம் இடங்கொடுக்காது.

பழைய புத்தகம் அண்ணா, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த நாவலின் பிரதியைக் கூட்டத்துக்குக் கொண்டுவர முடியுமா? பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தையல்காரி மகள் அக்காவும் வந்தால் நாடாவைப் பற்றி நீங்களே பேசலாம்.


தையல்காரி மகள் எழுதியது:

வருகிறேன். அம்மாவின் ஊசிப்பெட்டியையும் எடுத்து வருகிறேன்.


பழைய புத்தகம் எழுதியது:

கட்டாயம் கொண்டுவருகிறேன், தங்கச்சி. தாள்கள் நொறுங்கும் நிலையில் இருப்பதால் ஒரு துணியில் சுற்றித்தான் கொண்டுவரவேண்டும். அம்மாவிடம் நேற்று இந்த இழையை வாசித்துக் காட்டினேன். தானும் வருவதாகச் சொல்கிறார். அவருக்கு எண்பத்திரண்டு வயது, படி ஏறமுடியாது. கூட்டம் கீழ்மாடியில்தானே?